பாகல்: கறியும் மருந்தும்

முன்னுரை

இனிமையை நாடுவது நாவின் இயல்பு. எனினும் அறுசுவை என்று எண்ணத் தலைப்பட்ட நம் முன்னோர், இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்பவற்றோடு கைப்பையும் ஒரு சுவையாகவே சேர்த்து எண்ணினர். வேப்பம்பூவும், சுண்டை வற்றலும், வெந்தயமும், பாகற்காயும் அச்சுவையை நம் இல்லங்களுக்குக் கொண்டு வருவன. இவற்றுள் ஒரு வேளைக்குரிய கறியாகவே சமைத்து உண்ணப்படுவது பாகற்காய் ஒன்றே எனலாம்.

அண்மைக் காலத்தில் பாகற்காய்க்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டுள்ளது. சர்க்கரை நோய் என்ற சொல் எழும் இடமெல்லாம் பாகற்காய் என்ற சொல்லும் உடன் எழுகின்றது. திருமண வீட்டுப் பந்தியிலும், பள்ளிவாசல் திண்ணையிலும், ஆசிரியர் அறையிலும் இதனைக் கேட்கின்றோம். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் சர்க்கரை நோய் உடையவர்கள் என்று மதிப்பிட்டது. எனவே இது எங்கோ சிலருடைய செய்தியன்று. நம் ஒவ்வொருவர் இல்லத்துச் செய்தியுமாகும்.

பாகல் எத்தகைய கொடி? அதன் கைப்பு எதனால் அமைந்தது? அது உணவா, மருந்தா? மருந்தெனின் எந்த அளவிற்கு மருந்து? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் மருத்துவர் அல்லோம்; தமிழ் கற்பிப்போர். ஆயினும் நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

பெயரும் இனமும்

பேச்சு வழக்கில் பாவக்காய் என்று வழங்குவது எழுத்து வழக்கில் பாகற்காய் ஆகும். பாகல் என்பது கொடியின் பெயர். காயோடு புணரும்பொழுது லகரம் றகரமாய்த் திரிந்து பாகற்காய் என்றாயிற்று. மலையாளத்தார் பாவக்கா என்றும் கைப்பக்கா என்றும் கூறுவர். கன்னடத்தார் ஹாகலகாயி என்பர். தமிழில் பகரத்தை முதலாக உடைய சொற்கள் பல கன்னடத்தில் ஹகர முதலாய் வருதலை மொழியியல் பயிலும் மாணவர் அறிவர். பால் ஹாலு என்றும், பத்து ஹத்து என்றும், பல் ஹல்லு என்றும் ஆயினவாறே பாகல் ஹாகல ஆயிற்று. வடமொழியில் இதற்குக் காரவேல்லம் என்று பெயர். இந்தியில் கரேலா என்றும், சிங்களத்தில் கரவில என்றும் வழங்கும் பெயர்கள் இதனோடு உறவுடையவை.

நம் சந்தைகளில் இருவகைப் பாகலைக் காண்கின்றோம். நீண்டு பருத்த காயைக் கொம்புப் பாகல் என்பர். சிறிய, உருண்ட, மிகுந்த கைப்புடைய காயை மிதிபாகல் என்பர். பழுபாகல் என்று மலையோரச் சந்தைகளில் விற்கப்படும் முட்போர்த்த சிறு காய் இதற்கு உறவினதாயினும் வேறோர் இனமாகும்.

தாவர நூலார் பாகலை மொமோர்டிகா சரன்ஷியா என்று பெயரிட்டு அழைப்பர். இப்பெயர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. மொமோர்டிகா என்பது கடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. பாகல் விதையின் விளிம்பைப் பார்த்தால் யாரோ கடித்து வைத்தாற்போலத் தோன்றும். அதனால் இப்பெயர் அமைந்தது என்பர்.

பாகல், சுரைக் குடும்பத்தைச் சார்ந்தது. பூசணி, பீர்க்கு, புடல், வெள்ளரி, சுரை ஆகிய யாவும் அக்குடும்பத்தினவே. திருக்குர்ஆனில் ஸாஃப்பாத் அத்தியாயத்தில் யூனுஸ் நபி (அலை) அவர்களுக்கு நிழல் தர இறைவன் முளைப்பித்த கொடியைச் சுரைக்கொடி என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கொள்வர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விருந்தொன்றில் உணவுத் தட்டிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளை விரும்பித் தேடி உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியும் உண்டு. இச்சிறப்பைச் சிலர் பாகற்காய்க்கும் ஏற்றிக் கூறுவர். அது பொருந்தாது. அங்குச் சொல்லப்பட்டது சுரைக்காயே. பாகற்காய்க்கு உள்ள சிறப்பைக் கூற அதற்குரிய சான்றுகளே போதுமானவை.

இலக்கியத்தில் பாகல்

பாகல் நம் மண்ணுக்குப் புதியதன்று. சங்க நூல்களில் அதன் பெயர் வருகின்றது. அகநானூற்றின் 15-ஆம் பாடலில் மாமூலனார் துளு நாட்டைக் கூறுமிடத்து, அந்நாட்டுச் சோலைகளில் முதிர்ந்த பாகலை மயில்கள் உண்ணும் காட்சியைக் காட்டுகின்றார். கரிகாலன் புகழ் பாடும் பொருநராற்றுப்படையும் சோழ நாட்டு வளத்தைக் கூறுங்கால் பாகற்பழத்தைக் குறிப்பிடுகின்றது. பாகல் என்னும் சொல்லுக்குப் பலா என்று பொருள் கொள்வாரும் உளர் என்பதனை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனினும், பாகல் என்பது நாம் உண்ணும் பாகலே எனக் கொண்டால், மயில் ஏன் இக்கைப்பினை விரும்ப வேண்டும் என்ற ஐயம் எழும். ஐயத்தைத் தீர்க்க நூலகம் செல்ல வேண்டுவதில்லை. வேலிக்குச் செல்லுதல் போதும். பறிக்காமல் விட்ட பாகற்காய் முதிர்ந்து பொன்னிறம் பெறும். பின்னர் நுனியிலிருந்து மூன்று இதழ்களாய் வெடித்து விரியும். உள்ளே விதைகளைச் சுற்றிச் செக்கச்சிவந்த சதை இருக்கும். அச்சதை கசப்பதில்லை, இனிக்கும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் அதே நிறமிதான் அச்சதைக்கும் நிறம் தருகின்றது. பறவைகள் அச்சிவப்பைக் கண்டு வந்து, இனிப்பை உண்டு, விதையை வேறிடம் கொண்டு செல்கின்றன.

விதை முற்றும் வரையில் காய் பசுமையாய், கசப்பாய் நின்று தன்னைத் தானே காத்துக்கொள்கின்றது. விதை முற்றியபின் நிறம் மாறி, சுவை மாறிப் பறவைகளை அழைக்கின்றது. எனவே பாகலின் கைப்பு மனிதருக்கு மருந்தாக வேண்டும் என்று அமைந்ததன்று. முதலில் அது பிஞ்சின் காவலாகும். இதனைப் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கொடியின் இயல்பு

ஆப்பிரிக்காவில் தோன்றி ஆசியாவில் பயிராக்கப்பட்ட கொடி இது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்தாகும். வெப்ப நாடுகளில் எங்கும் இது செழிக்கும். பந்தல் அமைத்தேனும் வேலியில் படரவிட்டேனும் வளர்க்கலாம். தமிழகத்தில் ஆனி, ஆடியிலும் தை, மாசியிலும் விதைப்பர். விதையின் ஓடு தடித்தது; ஆதலின் ஊறவைத்து ஊன்றுவது வழக்கம். ஏறத்தாழ 55 முதல் 60 நாள்களில் முதற்காய் பறிக்கலாம்.

ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். இரண்டும் மஞ்சள் நிறத்தினவே. பூவின் அடியில் சிறிய பாகற்பிஞ்சைப் போன்ற வடிவம் இருப்பின் அது பெண்பூ. தேனீக்களே மகரந்தத்தைச் சுமந்து செல்வன. பூச்சிகள் வாராத மாடித் தோட்டங்களில் பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்காமைக்குக் காரணம் இதுவே. அத்தகைய இடங்களில் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவி விடலாம். பாகலுக்குப் பெரும்பகை பழ ஈயாகும். அது இளங்காயில் துளையிட்டு முட்டையிடும்; காய் அழுகி உதிரும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, மதுரை வேளாண்மைக் கல்லூரி உருவாக்கிய எம்.டி.யு. 1, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஹரித், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பிரீத்தி ஆகியன உழவரிடையே பெயர் பெற்ற இரகங்கள் ஆகும்.

அடுக்களையில் பாகல்

பாகலைச் சமைப்பது என்பது பெரும்பாலும் கைப்பை அடக்கும் கலையே. அரிந்த துண்டுகளில் உப்பிட்டுப் பிசறி வைத்துப் பிழிந்தெடுப்பது முதல் முறை. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. அந்நீரோடு கைப்பின் ஒரு பகுதியும் வெளியேறுகின்றது. இதுவேயன்றி, நாவில் கைப்பு உணரப்படுவதை உப்பு மட்டுப்படுத்தும் என்பதும் சுவை பற்றிய ஆய்வுகளில் கண்ட உண்மையாகும். புளியும் வெல்லமும் சேர்த்துக் குழம்பு வைப்பது இரண்டாம் முறை. மோரில் ஊறவைத்து, உலர்த்தி, வற்றலாக்கி எண்ணெயில் பொரிப்பது மூன்றாம் முறை.

தஞ்சைப் பகுதியில் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்த்து ஆக்கும் பாகற்காய்ப் பிட்லை புகழ்பெற்றது. மிதிபாகலைக் கீறி மசாலை அடைத்து நூலால் கட்டி வதக்குவோரும் உளர். எம் இல்லத்தில் உம்மா பாகற்காயோடு கூனி இறாலைச் சேர்த்து, தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்குவார்கள். இறாலின் சுவைக்குப் பின்னால் கைப்பு ஒதுங்கி நிற்கும். பிள்ளைகள் இறாலைப் பொறுக்கி உண்டுவிட்டுப் பாகற்காயை ஒதுக்குவதும், அதனை உம்மா கண்டும் காணாததுபோல் மறுநாள் இறாலைக் குறைத்துவிடுவதும் எம் இல்லத்து வழக்கம்.

கடல் கடந்த நாடுகளிலும் பாகல் விரும்பி உண்ணப்படுகின்றது. சப்பானின் ஒக்கினாவாத் தீவில் இதனைக் கோயா என்பர். சோயாக்கட்டியும் முட்டையும் சேர்த்து வதக்குவர். பிலிப்பைன்சு நாட்டார் அம்பலயா என்பர். யமைக்காத் தீவினர் காட்டுப் பாகலின் இலையையும் தண்டையும் கொதிக்கவைத்துத் தேநீராய்ப் பருகுவர்.

100 கிராம் பச்சைப் பாகற்காயில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீரே. அதன் ஆற்றல் 17 கலோரி அளவினது. வைட்டமின் சி 80 மில்லி கிராமிற்குச் சற்று மிகுதியாக உள்ளது. சமைக்குங்கால் அதில் ஒரு பகுதி குறையும். நார்ச்சத்தும் உண்டு. உடலுக்கு மிகுந்த ஆற்றலை ஏற்றாமல் வயிற்றை நிறைக்கும் காய் ஆதலின், சர்க்கரை நோய் உடையார்க்கு இது நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஒரு கரண்டிச் சோற்றுக்கு மாற்றாக ஒரு கரண்டிப் பாகற்காய்க் கறியை உண்டால், அதன் பயன் அன்றைய இரத்தச் சர்க்கரையிலேயே தெரியும்.

மருந்தாகுமா?

நம் சித்த மருத்துவம் கைப்புச் சுவைக்குச் சிறப்பிடம் தருவது. யூனானி மருத்துவரான ஹக்கீம்களும் பாகலை மருந்துப் பொருளாய்க் கையாண்டு வந்துள்ளனர். பாகலின் இலையும் காயும் வயிற்றுப் புழுவுக்கும் பித்தத்திற்கும் கைமருந்தாய் வழங்கி வந்தன. அதே வேளையில் சித்த மருந்து உண்போர் அகத்திக்கீரையையும் பாகற்காயையும் விலக்க வேண்டும் என்னும் பத்தியமும் நம்மிடையே உண்டு. அவை மருந்தை முறிக்கும் என்பர் பெரியோர். ஒரு பொருள் வேறொரு மருந்தின் செயலில் குறுக்கிடக்கூடும் என்னும் தெளிவு நம் பாட்டிமார்க்கு இருந்தது என்பதே இதனால் அறியத்தக்கது.

இக்கால ஆய்வுக்கூடங்களும் பாகலை ஆராய்ந்தன. சரன்டின் என்னும் பொருளும், மொமோர்டிகோசைடு எனப்படும் பொருள்களும் அதில் கண்டறியப்பட்டன. கைப்புக்குக் காரணமாவன மொமோர்டிகோசைடு போன்றவையே. இன்சுலினை ஒத்த புரதப்பொருள் ஒன்றும் பிரித்தெடுக்கப்பட்டது. அது குறித்து 1981-ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வே பாகலுக்குத் தாவர இன்சுலின் என்னும் புகழை ஈட்டித் தந்தது. ஆனால் அவ்வாய்வில் அப்பொருள் ஊசி வழியே உடலில் செலுத்தப்பட்டது என்பதைப் பலர் அறியார். புரதத்தை வாய்வழி உண்டால் இரைப்பையும் குடலும் அதனைப் பிற புரதங்களைப் போலவே செரித்துவிடும். இன்சுலினை இன்றளவும் குளிகையாக்காமல் ஊசியாய்ச் செலுத்துவதற்குக் காரணம் இதுவே. ஆதலின் குவளையில் பிழிந்த சாற்றை இன்சுலின் என்று கருதுவது பொருந்தாது.

எனின் பாகலுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் அறவே இல்லையா? உண்டு என்று கூறும் ஆய்வுகளும் உள. 2011-இல் தாய்லாந்தில் நான்கு வாரம் நடந்த ஓர் ஆய்வில், நாள்தோறும் 2000 மில்லி கிராம் உலர் பாகல் உண்டவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைந்தது. ஆனால் அக்குறைவு 1000 மில்லி கிராம் மெட்பார்மின் உண்டவர்களுக்குக் கிட்டிய குறைவை எட்டவில்லை. 2007-இல் பிலிப்பைன்சில் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 2012-இல் நான்கு ஆய்வுகளை, அவற்றில் பங்குகொண்ட 479 பேரை, கணக்கிலெடுத்து நோக்கினர். சர்க்கரை நோய்க்கு மருந்தாகப் பாகலைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அவர்தம் முடிபாகும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் கூறுதல் தகும். மாத்திரை என்றால் வேதிப்பொருள், செடி என்றால் இயற்கை என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மெட்பார்மினின் வரலாறே ஒரு செடியில் தொடங்குவதாகும். ஐரோப்பியர் நெடுங்காலம் கைமருந்தாகக் கொண்ட கலேகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருப்பது அறியப்பட்டது. அதனை அவ்வாறே உண்பது நஞ்சாய் முடியும். அதனை ஒத்த, தீங்கு குறைந்த பொருளை அறிவியலார் 1922-இல் உருவாக்கினர். 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் சுடெர்ன் அதனை நோயாளிகட்குத் தந்து கண்ட பயனை வெளியிட்டார். செடியிலிருந்து பிறந்து, அளவு தெளிந்து, நச்சு நீங்கி வந்த மருந்தையே நாம் மாத்திரை என்று வெறுக்கின்றோம்; அளவு தெரியாச் சாற்றை இயற்கை என்று போற்றுகின்றோம்.

ஒரு குடும்ப நிகழ்ச்சி

எம் தாய்மாமனாரைப் பெரிய மாமா என்று அழைப்போம். அரிசி மண்டி வைத்திருந்தார்கள். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர்கள். மாத்திரையை ஒழுங்காக உண்டு வந்தவர்கள். ஒருநாள் வைகறைத் தொழுகைக்குப் பின் நண்பர் ஒருவர், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு அருந்தினால் நோய் வேரோடு போய்விடும் என்று சொல்லியிருக்கின்றார். அன்று முதல் நாள்தோறும் ஒரு குவளைச் சாறு. சில நாள் கழித்து மாத்திரையை யாரிடமும் கூறாமல் நிறுத்திவிட்டார்கள்.

விடுமுறையில் அவர்கள் இல்லம் சென்றிருந்தபொழுது அக்குவளையை நாமும் கண்டோம். நல்ல பழக்கம் மாமா என்று பாராட்டவும் செய்தோம். மாத்திரையும் உண்கின்றீர்களா என்று ஒரு சொல் கேட்டோம் அல்லோம். பெரியவரைக் கேட்பது முறையன்று என்று கருதினோம் போலும்.

ஐந்து திங்கள் சென்றன. புதிய செருப்புக் கடித்துக் காலில் கொப்புளம் உண்டாயிற்று. நோயால் உணர்ச்சி மங்கிய கால் ஆதலின் வலி தெரியவில்லை. காலுறை நனைந்ததைக் கண்டே மாமி அறிந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபொழுது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. படுக்கையருகே நாம் அமர்ந்திருந்தபோது மாமா கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை.

“அவ்வளவு கசந்ததே தம்பி, கசப்பது கட்டாயம் குணப்படுத்தும் என்று நினைத்துவிட்டேன்.”

கற்றோரும் மற்றோரும் செய்யும் பிழை இதுவே. கைப்பை மருந்தின் அடையாளமாக நாம் நெடுங்காலம் பழகிவிட்டோம். துன்பப்பட்டு விழுங்கியதால் நன்மை வந்தே தீரும் என்று நம்புகின்றோம். ஆனால் முன்னர்க் கண்டவாறு, பாகலின் கைப்பு அதன் பிஞ்சைக் காப்பதற்காக அமைந்தது. கசக்கும் பொருளில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நஞ்சும் இருக்கலாம். சுரைக்காயைக் கொண்டே இதனைத் தெளியலாம். சுரைக்காய் இயல்பில் கசப்பதன்று. அது கசந்தால் நச்சுப்பொருள் மிகுந்துள்ளது என்பது பொருள். 2010-ஆம் ஆண்டில் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றினை அருந்தி உயிர் துறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைச் சாற்றைப் பருகலாகாது என்று எச்சரித்தது.

எச்சரிக்கை வேண்டுவோர்

கறியாக அளவோடு உண்ணும் பாகற்காய் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாது. சாறாகவும் பொடியாகவும் மிகுதியாக உட்கொள்ளுங்கால் கீழ்க்காண்போர் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.

முதலாவது, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர். இரண்டும் சேருங்கால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். வியர்த்தல், நடுக்கம், படபடப்பு, கடும்பசி, மனத்தடுமாற்றம் ஆகியன அதன் குறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துத் தருதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இரண்டாவது, சிறுவர். பாகல் தேநீர் அருந்திய குழந்தைகள் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்தமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. மேலும் சிறுவர்க்கு வரும் முதல்வகைச் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினைச் சுரப்பதே நின்றுவிடுகின்றது. 1921-இல் கனடா நாட்டில் இன்சுலின் கண்டறியப்படும் வரையில் அந்நோயுற்ற பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. எச்சாற்றை நம்பியும் அவர்கட்கு இன்சுலினை ஒரு வேளையும் நிறுத்தலாகாது.

மூன்றாவது, கருவுற்ற மகளிர். பாகலிலுள்ள சில புரதங்கள் கருவைப் பாதிப்பன என்று விலங்குகளிடையே நடந்த ஆய்வுகள் காட்டின. ஆதலின் சாற்றையும் பொடியையும் அவர்கள் விலக்குதலே நன்று.

நான்காவது, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உடையோர். பாகல் விதையிலுள்ள வைசின் என்னும் பொருள் அவர்தம் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

நோன்பும் நோயாளியும்

ரமலான் மாதத்தில் இவ்விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். நோன்பு நாளில் மாத்திரைக்கு வேலையில்லை என்று எண்ணி, ஸஹர் நேரத்தில் ஒரு குவளைப் பாகல் சாற்றோடு அமைவோரை நாம் கண்டுள்ளோம். மாத்திரையோடு சாற்றையும் சேர்த்து அருந்திவிட்டு, அஸர் வேளையில் மயங்கி விழுவோரும் உளர். இரண்டும் தவறே. நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி அமைத்துக்கொள்வதே முறை.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோர் கருத்து. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் தாழ்ந்தாலும் 300-க்கு மேல் உயர்ந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. நோயாளிகட்கு நோன்பில் சலுகை தந்தவன் இறைவனே. அச்சலுகை பகரா அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டுள்ளது. அதனை ஏற்பது இறைவனுக்குப் பணிதலே அன்றிக் குறைவன்று.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்துள்ளான் என்னும் கருத்தமைந்த நபிமொழியைப் பாகற்காய்க்குச் சான்றாக எடுத்துரைப்போர் உளர். அந்நிவாரணம் எது என்று ஆராய்ந்து அறியும் பொறுப்பினையும் அம்மொழி நம்மீது வைக்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். பாகற்காயை எவ்வளவு உயர்த்திப் பேசினாலும் அது அந்நான்கனுள் ஒன்றன் சிறு பகுதியே ஆகும். மற்ற மூன்றனையும் அது நிரப்பாது. நம் பெரிய மாமா செய்த பிழை மருத்துவனை விட்டது. நாம் செய்த பிழை உடனிருந்து பேணுபவன் கேட்க வேண்டிய ஒரு வினாவைக் கேளாது விட்டது.

2021-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை இல்லம் தேடிக் கொண்டு வருவதை நோக்கமாகக் கொண்டது. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அவை விலையின்றிக் கிடைக்கும். ஆதலின் ஏழைமை காரணமாகச் சாற்றை நம்ப வேண்டிய நிலை எவர்க்கும் வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று இல்லம் சென்றதும் உங்கள் வாப்பாவிடமும், உம்மாவிடமும், பாட்டனார் பாட்டியாரிடமும் மாத்திரை உண்டீர்களா என்று பணிவோடு கேளுங்கள். பெரியோரே, பிள்ளைகள் அவ்வாறு கேட்டால் சினவாது விடை கூறுங்கள். பாகற்காயை விலக்க வேண்டுவதில்லை. கொடியை வேலியில் படரவிடுங்கள். கறியாக்கி மகிழ்வோடு உண்ணுங்கள்.

பெரிய மாமா இன்றும் வாரம் இருமுறை பாகற்காய்க் கறி உண்கின்றார்கள். உணவுத் தட்டுக்கு அருகே மாத்திரைப் பெட்டியும் இருக்கின்றது. கறியைக் கறியாகவும் மருந்தை மருந்தாகவும் கொள்ளும் அத்தெளிவினை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.